பழுப்பு நாயும் ஐயாயிரம் பவுனும்

உயிரும் கத்தியும் – 11

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1876-ல் நிறைவேற்றிய விலங்கு வதைச் சட்டத்தோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். உயிருள்ள விலங்கை அறுத்துச் சோதிப்பவர் உரிமம் வாங்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்க வேண்டும். மயக்கம் தெளியும் முன்பே விலங்கைக் கொன்றுவிட வேண்டும். ஒரு சோதனைக்கு ஆளான விலங்கை இன்னொரு சோதனைக்கு மறுபடி மேசையில் ஏற்றக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இவற்றில் பலவற்றுக்குச் சிறப்புச் சான்றிதழ் என்ற பெயரில் பின்வாசலும் வைத்திருந்தார்கள். சட்டத்தை மீறிய உரிமதாரர்மேல் வழக்குத் தொடர உள்துறை அமைச்சரின் இசைவு தேவை, அதையும் ஆறு மாதத்துக்குள் செய்தாக வேண்டும். 1878-ல் 300-க்கும் குறைவாக இருந்த சோதனைகளின் எண்ணிக்கை 1903-ல் 19,000-ஐத் தாண்டியது. இவற்றில் பெரும்பாலானவை கத்தி படாத, ஊசி மட்டும் போடும் சோதனைகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த 19,000-ல் ஒன்று, நாடே இரண்டுபட்டுச் சண்டை போடும் விவகாரமாக வளர்ந்தது. ஆறு கிலோ எடையுள்ள, டெரியர் சாயல் கொண்ட ஒரு பழுப்பு நாய். அதற்குப் பெயர் இருந்ததாக எந்தப் பதிவிலும் இல்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் உடலியல் துறையில் அப்போது இருவர் கொடிகட்டிப் பறந்தார்கள்: எர்னஸ்ட் ஸ்டார்லிங், வில்லியம் பேலிஸ். ஸ்டார்லிங்கின் சகோதரியை மணந்தவர் பேலிஸ். மைத்துனர்கள் இருவருமாகச் சேர்ந்து 1902 ஜனவரியில் ஒரு பெரிய காரியம் செய்திருந்தார்கள். மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் வெட்டிவிட்டு, அந்தத் துண்டில் கொஞ்சம் அமிலத்தை விட்டார்கள். நரம்புத் தொடர்பே அறுந்துபோயிருந்தும் கணையம் சுரந்தது. அப்படியானால் 'சுரந்திடு' என்ற தகவல் நரம்பு வழியாகப் போகவில்லை, இரத்தத்தில் கலந்து போகிறது. குடல் அனுப்பிய அந்தப் பொருளுக்குச் செக்ரீடின் என்று பெயரிட்டார்கள். இவ்வகைப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'ஹார்மோன்' என்ற பெயரை 1905-ல் ஸ்டார்லிங் கொண்டுவந்தார். இன்று காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவரும், சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் குத்திக்கொள்கிறவரும் இந்த அறிவின் பயனாளிகள். பேலிஸும் ஸ்டார்லிங்கும் கொடுமைக்காரர்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அது உண்மையாகாது.

கணையத்தைப் பற்றிய ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் 1902 டிசம்பரில் நம் பழுப்பு நாயின் வயிற்றைத் திறந்து, கணைய நாளத்தைக் கட்டிவிட்டார் ஸ்டார்லிங். அடுத்த இரண்டு மாதம் அது கூண்டில் கிடந்தது.

*

இனி, இந்த விவகாரத்தைக் கிளப்பிய இரண்டு பெண்கள். லிஸி லிண்ட் ஆஃப் ஹாகேபி, லெய்சா ஷார்டாவ். இருவரும் ஸ்வீடன் நாட்டவர். லிஸி வசதியான உயர்குடியில் பிறந்து, இங்கிலாந்தில் செல்ட்னம் மகளிர் கல்லூரியில் படித்தவர். 1900-ல் இருவரும் பாரிஸ் போனபோது பாஸ்டர் நிறுவனத்தில் கூண்டு கூண்டாக நோய் ஏற்றப்பட்ட விலங்குகளைப் பார்த்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து கூட்டம் போட்டுக் கண்ணீர் விட்டிருக்கலாம், துண்டறிக்கை அச்சடித்திருக்கலாம். அவர்கள் செய்தது வேறு. உடலியல் படிப்பதென்று முடிவெடுத்து, 1902-ல் லண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் மாணவிகளாகச் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளியில் உயிரறுவை கிடையாது. ஆனால் அங்கே சேர்ந்தவர்களுக்கு லண்டனின் மற்றக் கல்லூரிகளின் விரிவுரைகளில் போய் உட்காரும் உரிமை இருந்தது. கிங்ஸ் காலேஜ், யுனிவர்சிட்டி காலேஜ் இரண்டிலுமாக ஏறத்தாழ 100 வகுப்புகளுக்குப் போனார்கள். அவற்றில் பாதியில் உயிருள்ள விலங்கு மேசையில் இருந்தது. ஒவ்வொன்றையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்கள்.

உயிரறுவை எதிர்ப்பு இயக்கத்தின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். அதுவரை எதிர்ப்பாளர்கள் ஆராய்ச்சியாளர்களே அச்சிட்ட கட்டுரைகளிலிருந்து வரிகளை எடுத்துக் காட்டித்தான் வாதாடினார்கள். ஃபிரான்சிஸ் பவர் காப் அம்மையார் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதுதான். 'உனக்கு உடலியல் தெரியாது, அறையில் நீ இல்லை' என்ற ஒரே பதிலில் அவர்களை வாயடைக்க முடிந்தது. இப்போது எதிர்ப்பாளர் அறைக்குள்ளேயே, முறைப்படி கட்டணம் கட்டி, கையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

1903 பிப்ரவரி 2. வகுப்புக்குச் சற்று முன்னதாக ஸ்டார்லிங் அந்த நாயின் வயிற்றை மறுபடி திறந்து, டிசம்பரில் செய்த வேலையின் விளைவை முக்கால் மணி நேரம் பார்த்தார். பிறகு காயத்தை இடுக்கியால் கவ்விப் பிடிக்கவைத்து நாயைப் பேலிஸிடம் கொடுத்தார். வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்வோம் என்ற சிக்கனம். பேலிஸ் அதன் கழுத்தைத் திறந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் நரம்பை வெளியே எடுத்து மின்முனைகளை இணைத்தார். நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைப் பலகையில் கட்டி, தலையை இறுக்கி, வாய்க்குப் பூட்டுப் போட்டு வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்கள். சுமார் 60 மாணவர்கள். சீக்கிரமே வந்துவிட்ட ஸ்வீடன் பெண்கள் இருவரும் ஓரிரு நிமிடம் நாயோடு தனியாக இருந்தார்கள். பழைய தழும்பைப் பார்த்தார்கள். கழுத்துக் காயத்தில் குழாய்கள் செருகியிருப்பதைப் பார்த்தார்கள். மயக்க மருந்தின் வாடை வரவில்லை, அதைக் கொடுக்கும் கருவியும் கண்ணில் படவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

பேலிஸ் காட்ட விரும்பியது இதுதான்: உமிழ்நீர் சுரக்கும் அழுத்தம் இரத்த அழுத்தத்தைச் சார்ந்தது அல்ல. இரத்தத்தை வடிகட்டினால் வருவதல்ல உமிழ்நீர், சுரப்பி தானே முனைந்து சுரக்கிறது. அரை மணி நேரம் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். அன்றைக்கு எதுவும் சரியாக வரவில்லை. முயற்சியைக் கைவிட்டு, நாயை ஹென்றி டேல் என்ற இளம் ஆராய்ச்சி மாணவரிடம் ஒப்படைத்தார். டேல் கணையத்தை வெட்டியெடுத்துக்கொண்டு நாயைக் கொன்றார். 1936-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற டேல்தான் இவர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு நடந்தது எதையும் கண்டுபிடிப்பதற்கான ஆராய்ச்சி அல்ல. பேலிஸ் காட்டப் பார்த்ததை, ஜெர்மனியின் கார்ல் லுட்விக் அரை நூற்றாண்டுக்கு முன்பே நிறுவிவிட்டார். பாடப் புத்தகத்தில் இருந்ததை மாணவர்களுக்குக் கண்ணால் காட்டுவதற்கான வகுப்பு அது. அதுவும் தோல்வியில் முடிந்தது. பிற்பாடு நடந்த அத்தனை ரகளையிலும் இந்த ஒரு விஷயத்தைத்தான் யாரும் இழுத்துப் பிடித்துப் பேசவில்லை.

*

நாட்குறிப்பை ஏப்ரலில் பெண்கள் கொண்டுபோய்க் கொடுத்தது தேசிய உயிரறுவை எதிர்ப்புச் சங்கத்தின் செயலாளர் ஸ்டீபன் கோல்ரிட்ஜிடம். அவர் வழக்கறிஞர், தந்தையோ இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். படித்ததுமே கோல்ரிட்ஜின் கண் இரண்டு இடங்களில் நின்றது. ஒன்று, நாயின் உடம்பில் பழைய அறுவையின் தழும்பு: ஒரே விலங்கை இருமுறை பயன்படுத்தியது சட்ட மீறல். இரண்டு, நாய் முதுகை வளைத்தது, கால்களை உதைத்தது என்ற குறிப்பு. அப்படியானால் மயக்கம் இல்லை.

சட்டப்படி போனால் உள்துறை அமைச்சரின் வாசலில் நின்று இசைவு கேட்க வேண்டும். கிடைக்காது என்று கோல்ரிட்ஜுக்குத் தெரியும். ஆகவே மே 1 அன்று பிக்காடிலியின் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் மேடையேறி, கல்லூரியின் பெயரையும் பேலிஸின் பெயரையும் சொல்லி, இது சித்திரவதை இல்லையென்றால் வேறெதுதான் சித்திரவதை என்ற பொருளில் முழங்கினார். மறுநாள் டெய்லி நியூஸ் அதை அச்சிட்டது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. கோல்ரிட்ஜ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் பேலிஸ், கோல்ரிட்ஜ் மறுத்தார். அவதூறு வழக்கு விழுந்தது.

ஒரு வழக்கறிஞர் இப்படிச் செய்தது எனக்கு இன்றும் புதிராகவே இருக்கிறது. பேசுவதற்கு முன் பேலிஸுக்கு ஒரு கடிதம் எழுதி, உண்மையா என்று அவர் கேட்கவேயில்லை. ஏன் கேட்கவில்லை என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, கேட்டிருந்தால் மறுத்திருப்பார்கள், மறுத்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன் என்ற பாணியில் பதில் சொன்னார். இப்படிப்பட்ட சாட்சியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சர்க்கரைப் பொங்கல்போல அல்லவா எதிர்கொள்வார்! அந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ரூஃபஸ் ஐசக்ஸ். பின்னாளில் ரீடிங் பிரபு என்ற பெயரில் 1921 முதல் 1926 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவர்.

1903 நவம்பர் 11-ல் தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டன் பிரபு முன் விசாரணை தொடங்கியது. இடம் பிடிக்க நீதிமன்ற வாசலில் வரிசை நின்றது. பேலிஸ் விவரம் சொன்னார்: அன்று காலையிலேயே நாய்க்கு மார்ஃபின் கொடுக்கப்பட்டது. பிறகு ஆல்கஹால், குளோரோபார்ம், ஈதர் மூன்றும் கலந்த மயக்க மருந்து. அது பக்கத்து அறையிலிருந்து மேசைக்குப் பின்னால் மறைந்து வந்த குழாய் வழியே மூச்சுக்குழலுக்குப் போனது. பெண்களுக்கு வாடை தெரியாததும் கருவி தெரியாததும் இதனால்தான். நாய் உதைத்ததா? அதற்கு ஏற்கெனவே வலிப்புபோல் தசை துடிக்கும் நோய் இருந்தது. துடிப்பு வேறு, தவிப்பு வேறு. ஸ்டார்லிங்கும் கூண்டேறினார். ஒரே நாயை இருமுறை பயன்படுத்தியது சட்டத்துக்குப் புறம்பு என்று ஒப்புக்கொண்டார், இரண்டாவது நாய் ஒன்றைப் பலிகொடுக்க வேண்டாமே என்று செய்ததாகச் சொன்னார்.

நடுவில் ஒரு சங்கடம். நாயைக் குளோரோபார்ம் கொடுத்துக் கொன்றதாக ஆய்வக உதவியாளர் சாட்சி சொன்னார். அதற்குப் பிறகு கூண்டேறிய டேல், இல்லை, கத்தியை நெஞ்சில் இறக்கித்தான் கொன்றேன் என்றார். மாணவர்கள் சிலர் வந்து, நாய் மயக்கத்தில்தான் இருந்தது என்றார்கள். பெண்கள் இருவரும் தாங்கள் பார்த்ததில் உறுதியாக நின்றார்கள். இதற்கிடையில் நாட்குறிப்பு நூலாகவும் வந்திருந்தது. அதில் ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பே 'வேடிக்கை'. மேசையில் நாய் கிடக்கும்போது வகுப்பில் எழுந்த நகைச்சுவையையும் சிரிப்பையும் பற்றியது அது.

நீதிபதி நூலைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைக்கவில்லை, மிகையுணர்ச்சி என்றார். ஜூரிகளுக்கு அவர் இட்ட கட்டளைதான் முக்கியம்: உயிரறுவை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குள் போகாதீர்கள், உங்கள்முன் இருப்பது அவதூறா இல்லையா என்பது மட்டுமே. நவம்பர் 18-ல் ஜூரிகள் 25 நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். பேலிஸுக்கு 2,000 பவுன் நஷ்ட ஈடு, 3,000 பவுன் வழக்குச் செலவு. பார்வையாளர் பகுதியில் கைதட்டல். மறுநாளே கோல்ரிட்ஜ் 5,000 பவுனுக்குக் காசோலை அனுப்பினார். தமக்குக் கிடைத்த 2,000-ஐப் பேலிஸ் உடலியல் ஆராய்ச்சிக்கென்று கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். டெய்லி நியூஸ் கோல்ரிட்ஜுக்காக நிதி திரட்ட, நாலு மாதத்தில் 5,700 பவுன் சேர்ந்தது. ஆக, பேலிஸுக்கு மானம் மீண்டது, கோல்ரிட்ஜுக்குப் பணம் மீண்டது. பதிப்பாளர் நூலைத் திரும்பப் பெற்றார். 'வேடிக்கை' அத்தியாயத்தை நீக்கி, சட்டச் சிக்கல் இல்லாத வடிவில் அது மறுபடி வந்தது.

நாய்க்கு உணர்வு இருந்ததா? வழக்கின் ஆவணங்களை வைத்துப் பார்த்தால் பேலிஸ் சொன்னதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். மயக்கம் இல்லாத நாயின் மெல்லிய நரம்பில் மின்முனை மாட்டி அரை மணி நேரம் அளவெடுக்க யாராலும் முடியாது. தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். கேட்ட கேள்விதான் சிறியது.

*

நீதிமன்றத்துக்கு வராத கேள்விகள் புதியவை அல்ல. அறிவியலுக்குள் இருந்தே அவை எழுந்திருந்தன. முந்தைய இதழ்களில் பார்த்த சார்லஸ் பெல்லை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தண்டுவட நரம்புகளை ஆராய்ந்த அவருக்கு உயிரோடு அறுப்பதில் மனம் ஒப்பவில்லை. உயிரறுவை உண்மையைக் காட்டியதைவிடத் தவறுகளை நிலைக்கவைத்ததே அதிகம் என்றும் கருதினார். பாரிஸின் மஜாந்தியோ 1822-ல் நாய்க்குட்டிகளை உயிரோடு அறுத்து, முன்வேர் இயக்கத்துக்கு, பின்வேர் உணர்ச்சிக்கு என்று தெளிவாக விடை கண்டுவிட்டார். பெல்லின் மனசாட்சி அவரை முதலிடத்தை இழக்கவைத்தது. எதிர்ப்பாளர்கள் இந்தக் கதையை முழுவதும் சொல்ல மாட்டார்கள்.

பர்மிங்காமின் லாசன் டெய்ட் இன்னொருவர். வயிற்று அறுவைச் சிகிச்சையின் முன்னோடி. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து உயிருக்குப் போராடிய பெண்களை அறுவை செய்து காப்பாற்றியவர். விலங்குச் சோதனை தம் துறைக்கு உதவவில்லை, மருத்துவரை வழி தவறவே வைத்தது என்று 1882-ல் கட்டுரை படித்தார். நாயின் உடல் வேறு, மனிதன் உடல் வேறு என்ற வாதத்துக்கு அவரைவிடத் தகுதியான ஆள் அன்று இல்லை. அதே டெய்ட் லிஸ்டரின் கிருமிநாசினி முறையையும் ஏற்காதவர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

மூன்றாமவர் எதிர்ப்பாளரே அல்ல: ருஷ்யாவின் பாவ்லோவ். செரிமான ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். மயக்கத்தில் கட்டிக் கிடக்கும், வயிறு திறந்த விலங்கில் காண்பது இயல்பான உடலின் வேலையே அல்ல என்பது அவர் கட்சி. அதனால்தான் நாய்க்கு நிரந்தரத் துளையிட்டு, காயம் ஆறி, அது ஓடியாடித் தின்னும் நிலையில் மாதக்கணக்கில் சாறு சேகரித்தார். அந்த நாய்களின் நிலையும் பொறாமைப்படத் தக்கதல்ல. ஆனால் அவர் சுட்டிய கோளாறு பேலிஸின் மேசைக்கு அப்படியே பொருந்தும். டிசம்பரில் ஓர் அறுவை, வகுப்பு நாளன்றே வயிற்றில் இன்னொன்று, கழுத்தில் மூன்றாவது, உடம்பு முழுக்க மார்ஃபினும் குளோரோபார்மும். அந்தச் சுரப்பி சுரக்காமல் போனதில் என்ன வியப்பு?

இதில் ஒரு இக்கட்டு இருக்கிறது. மயக்கம் போதுமான ஆழத்தில் இருந்தால், பார்ப்பது இயல்பான உடலையா என்று அறிவியல் கேட்கும். ஆழம் குறைந்தால் அறம் கேட்கும். கோல்ரிட்ஜ் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் நிரூபிக்க முடியாத இடத்தில் பந்தயம் கட்டினார். முழு மயக்கத்திலேயே இருந்தது என்று ஒப்புக்கொண்டு, 'அரை நூற்றாண்டுக்கு முன் தெரிந்ததை 60 பேருக்குக் காட்ட ஓர் உயிர் ஏன்?' என்று கேட்டிருந்தால் ஐசக்ஸுக்கு வேலை கஷ்டமாகியிருக்கும்.

எதிர்ப்பு இயக்கத்தின் பலவீனமும் இங்கேதான். அறத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல், விலங்குச் சோதனையால் ஒரு நன்மையும் விளைந்ததில்லை என்று எல்லை தாண்டினார்கள். 1890-களின் நடுவிலேயே டிப்தீரியா எதிர்மருந்து குழந்தைகளின் தொண்டையடைப்புச் சாவைக் குறைக்கத் தொடங்கியிருந்தது. கினிப்பன்றியும் குதிரையும் இல்லாமல் அது வந்திருக்காது. காப் அம்மையார் தொடங்கிய பிரிட்டிஷ் உயிரறுவை ஒழிப்பு ஒன்றியத்துக்குப் பின்னாளில் தலைவரான வால்டர் ஹாட்வென் அம்மைத் தடுப்பூசியையே எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இந்த வாதம் எடுபடுமா?

*

தோற்ற வழக்கு அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அன்னா லூயிசா உட்வார்ட் என்ற பெண்மணி 120 பவுன் திரட்டி, அந்த நாய்க்கு ஒரு சிலை வைத்தார். ஏழரை அடி உயரக் கிரானைட் தூண், உச்சியில் வெண்கல நாய். கீழே மனிதர்களுக்குக் குடிநீர்க் குழாய், அதற்கும் கீழே நாய்க்கும் குதிரைக்கும் தொட்டி. இரண்டு மாதத்துக்கு மேல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறி அறுபட்டுச் செத்ததாகவும், 1902-ல் மட்டும் அதே இடத்தில் 232 நாய்கள் அறுபட்டதாகவும் கல்லில் பொறித்து, யுனிவர்சிட்டி காலேஜின் பெயரையும் போட்டார்கள். அதாவது நீதிமன்றத்தில் தோற்றதைக் கல்வெட்டில் திரும்பச் சொன்னார்கள்.

இடம் கொடுத்தது தேம்ஸின் தென்கரையில் உள்ள பாட்டர்சி நகர மன்றம். அது தொழிலாளர் பேட்டை, சோஷலிஸ்டுகளும் தொழிற்சங்கத்தாரும் ஓங்கியிருந்த மன்றம். சிலை நின்ற லாட்ச்மியர் பூங்காவைச் சுற்றி மன்றமே கட்டிய குடியிருப்பில் தெருக்களின் பெயர் சுதந்திரத் தெரு, சீர்திருத்தத் தெரு. விலங்குச் சோதனையில் ஈடுபடும் மருத்துவர் எவரையும் சேர்த்துக்கொள்ளாத ஒரு மருத்துவமனையும் அங்கேயே இருந்தது. நாய்மேல் மட்டும் வந்த பரிவல்ல இது. பணக்காரருக்கு மருத்துவர் வீடு தேடி வந்த காலம். தர்ம ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுப்பவன் ஏழை, அவனைச் சுற்றி நின்று பாடம் கேட்பவர்கள் வசதியான வீட்டு மாணவர்கள். மேசையில் கட்டிய நாயின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க அவனுக்குப் பெரிய கற்பனை தேவைப்படவில்லை.

1906 செப்டம்பர் 15-ல் சிலை திறப்பு. பெர்னார்ட் ஷா வந்திருந்தார். 1907 நவம்பர் 20-ல் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவ மாணவர்கள் வில்லியம் ஹோவர்ட் லிஸ்டர் தலைமையில் கடப்பாறையும் சம்மட்டியுமாக ஆற்றைக் கடந்து வந்தார்கள். பத்துப் பேர் பிடிபட்டார்கள், தலைக்கு 5 பவுன் அபராதம். கோபம் நீதிபதிமேல் திரும்பியது. அவர் கொடும்பாவியைக் கொளுத்தப் பார்த்தார்கள், தீப்பற்றவில்லை, தூக்கித் தேம்ஸில் போட்டார்கள். டிசம்பர் 10-ல் ஏறத்தாழ ஆயிரம் பேர் கம்பு நுனியில் பொம்மை நாய்களைக் குத்தித் தூக்கிக்கொண்டு லண்டன் தெருக்களில் கிளம்பினார்கள். பாட்டர்சி மக்கள் அவர்களைத் துரத்தியடித்தார்கள். டிராமின் மேல்தளத்திலிருந்து விழுந்து அடிபட்ட மாணவனைப் பார்த்து, இது பழுப்பு நாயின் பழி என்று கூவினார்களாம். இன்னொரு கூட்டம் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் குதிரைப் போலீஸோடு மணிக்கணக்கில் மோதியது.

இந்த மாணவர்கள் பெண்கள் வாக்குரிமைக் கூட்டங்களிலும் புகுந்து நாய்போல் குரைத்து, நாற்காலிகளை உடைத்தார்கள். வாக்குரிமை கேட்ட எல்லாரும் உயிரறுவை எதிர்ப்பாளர்கள் அல்ல. வழக்குக்குக் காரணமானவர்கள் இரண்டு பெண்கள் என்பது மாணவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இரவு பகலாகச் சிலைக்குக் காவல் போட ஆண்டுக்கு 700 பவுன் ஆகிறது, மன்றம் தர வேண்டும் என்று காவல்துறை கேட்டது. ஏற்கெனவே ஆண்டுக்கு 22,000 பவுன் காவல் வரி கட்டுகிறோமே என்று திருப்பிக் கேட்டார் மன்ற உறுப்பினர் ஜான் ஆர்ச்சர். பின்னாளில் லண்டனின் முதல் கறுப்பின மேயரானவர். ஆனால் 1909 நவம்பர் தேர்தலில் மன்றம் பழமைவாதிகள் கைக்குப் போனது. 1910 மார்ச் 10 விடியுமுன் 120 போலீஸ்காரர்கள் சூழ, நான்கு தொழிலாளர்கள் சிலையைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். பிறகு மன்றத்தின் கொல்லர் அதை உருக்கிவிட்டார். 1985-ல் பாட்டர்சி பூங்காவில் வேறொரு நாய்ச் சிலை வைக்கப்பட்டது.

சிலை திறந்த 1906-லேயே, விலங்குச் சோதனை பற்றி அரசு இரண்டாவது அரச ஆணையத்தை அமைத்திருந்தது. லிஸி அங்கே போய்ச் சாட்சியம் அளித்தார். 1912-ல் அறிக்கை வந்தது: ஆய்வாளர்கள் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், வலி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சோதனையை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. 1876 சட்டம் 1986 வரை, அதாவது 110 ஆண்டு, அப்படியே இருந்தது. லிஸி 1913-ல் பால் மால் கெஜட் மீது தாமே அவதூறு வழக்குத் தொடுத்தார். வக்கீல் வைக்காமல் தானே வாதாடி எதிரிகளின் பாராட்டையும் பெற்றார், வழக்கில் தோற்றார்.

பேலிஸ் வழக்கில் கேட்கப்படாத கேள்வி சட்டத்துக்குள் வந்த ஓர் இடம் நமக்கு அருகில் இருக்கிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விலங்கு வதைத் தடுப்பு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக வந்த 1960-ம் ஆண்டுச் சட்டம் அறிவு வளர்ச்சிக்கான சோதனையைக் குற்றமாக்கவில்லை. ஆனால் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் போன்றவற்றால் அதே பாடத்தை நடத்த முடியுமானால் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று அதன் 17-ம் பிரிவு சொல்கிறது. கைப்பழக்கத்துக்காக மட்டும் இயன்றவரை சோதனை செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த மசோதாவை ருக்மிணி தேவி ஏன் திரும்பப் பெற்றார், நேரு அவருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்பது அடுத்த இதழில்.